சித்த நோய் மருந்துகளும் செவிலியர் அறியவேண்டிய பக்க விளைவுகளும்

தாதித்தொழில் பயில்வார்க்கென எழுதப்பட்ட பாடநூல்களில், மனநோய் மருந்துகளைப் பற்றிய அதிகாரத்திலே, ஓர் அட்டவணை தவறாது காணப்படும். மருந்தின் பெயர் ஒரு கட்டத்திலும், அளவு மற்றொன்றிலும், பயன் மூன்றாவதிலும், பக்க விளைவு நான்காவதிலுமாக அஃது அமைந்திருக்கும். மாணவியர் அதனை நெட்டுருச் செய்து தேர்விலே பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆயின், சீர்காழி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திண்ணையின்மேல் ஓர் இளைஞன் கழுத்து ஒருபுறம் முறுக்கிக்கொள்ள, கண்மணிகள் மேனோக்கி நிலைகுத்த, தாடையை அசைக்கவும் மாட்டாது கிடப்பதையும், சூழ்ந்து நிற்கும் உறவினர் 'பேய்தான் கழுத்தைத் திருப்புகிறது' என்று நடுங்குவதையும் நேரிற் காணும்போது, அந்த நான்காவது கட்டத்தில் எழுதியிருந்த சொல் எத்தனை பேருக்கு நினைவில் எழும்? மூன்று நாட்களுக்கு முன் அவன் உட்கொள்ளத் தொடங்கிய மாத்திரையின் விளைவே அது என்பதை அறிந்து சொல்லவல்லார் ஒருவர் அங்கே இருப்பாராயின், ஓர் ஊசியால் தீர்வது அத்துன்பம். இல்லையாயின், மாத்திரை குப்பைக்குப் போகும். இளைஞன் பேயோட்டியிடம் போவான். அடங்கிவந்த நோய் மறுபடியும் தலையெடுக்கும்.

பக்க விளைவானது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஓரிடத்தில் பேய் என்றும், ஓரிடத்தில் நோய் முற்றியது என்றும், வேறோரிடத்தில் குடிவெறி என்றும், பிறிதோரிடத்தில் உடம்பு தேறியது என்றும் பிறர் கருதும்படி வேற்றுருக்கொண்டே வரும். அவ்வேற்றுருக்களை அடையாளம் கண்டுகொள்ளும் வகையை, நம் காவிரிக் கடைமடை நாட்டின் வெயிலையும் வயலையும் மனத்திற்கொண்டு, ஒருவாறு எடுத்துரைக்கப் புகுந்தேம். மருந்தை எழுதித் தருவது மருத்துவர் கடமை. அவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்தில் ஐந்து நிமிடம். மற்றை நேரமெல்லாம் பார்ப்பவர் செவிலியரும் வீட்டாருமே.

இம்மருந்துகளின் வரலாற்றிலே நம் தேசத்திற்கு ஒரு தலைமையிடம் உண்டு என்பதை மாணவியர் பலர் அறியார். சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரைப் பித்துப்பிடித்தவர்க்கு ஊட்டும் வழக்கம் வடநாட்டில் நெடுங்காலமாக இருந்தது. பீகாரில் அவ்வேருக்குப் 'பைத்திய மருந்து' என்னும் பொருள்படும் பெயரே வழங்கிற்று. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சார்ந்த கணநாத சேனர், கார்த்திக் சந்திர போசு என்னும் மருத்துவர் இருவர், அவ்வேரின் பொடி உன்மத்தத்தை அடக்குவதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கின்றது என்று ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லியிலே சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயன நூல் வல்லுநர், தம் துணைவரோடு சேர்ந்து அவ்வேரின் சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றிற்கு ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரைச் சூட்டினார். 1949இல் பம்பாய் ருஸ்தம் ஜால் வகீல் என்பவர் இரத்த அழுத்த நோயில் அம்மருந்தின் பயனை ஆங்கில நாட்டு இதழொன்றில் எழுதிய பின்னரே மேனாட்டார் கண்விழித்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ரிசர்ப்பின் என்னும் சத்து தனியே பிரிக்கப்பட்டது. 1954இல் நியூயார்க்கு மாகாணத்து மனநோய் மருத்துவமனையொன்றில் நேதன் கிளைன் அதனைப் பலருக்குக் கொடுத்துப் பயன் கண்டார்.

பயன் கண்டதோடு பக்க விளைவும் கண்டனர். மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, கைநடுக்கம், உடல் விறைப்பு ஆகியவை தோன்றின. சிலர்க்கு ஆழ்ந்த மனச்சோர்வு பற்றிற்று. இவ்விளைவே அறிவுக்கு ஒரு வாயிலாயிற்று. சுவீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன், ரிசர்ப்பின் ஊட்டிய முயல்கள் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு, அவற்றிற்கு டோபா என்னும் பொருளை ஊசிவழிச் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடந்தன. 1957இல் வெளியான இச்சோதனையினால், மூளையில் டோபமின் என்னும் பொருளுக்கும் உடலசைவுக்கும் உள்ள தொடர்பு விளங்கிற்று. 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் தீங்கை ஊன்றி நோக்கியவரே மருந்தின் வேலையையும் கண்டறிந்தனர் என்பதை இங்கே குறித்துக்கொள்க.

சர்ப்பகந்தியை மனநோய்ச் சிகிச்சையிலிருந்து பின்தள்ளிய மருந்து குளோர்ப்ரோமசின். 1950ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் இயற்றப்பெற்று, 1952இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் டிலே, டெனிக்கர் என்பவர்களால் மனநோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. அதன் வழிவந்தனவே ஹாலோபெரிடால், ட்ரைஃப்ளுவோபெரசின், மாதம் ஒருமுறை தசையில் இடப்பெறும் ஃப்ளுபெனசின் முதலியன. இவை யாவும் மூளையில் டோபமின் சென்று பற்றும் இடங்களை அடைத்து நிற்பன. மூளையின் ஒரு பகுதியில் அடைத்தால் மருட்சியும் பொய்க்குரல்களும் தணிகின்றன; அசைவை ஆளும் பகுதியில் அடைத்தால் கழுத்து இழுக்கின்றது; பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செல்லும் வழியில் அடைத்தால் பால்சுரக்கும் இயக்குநீர் மிகுகின்றது. மருந்து ஒன்று, செயலும் ஒன்று, இடம் மாத்திரம் வேறு. இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொண்டவளுக்கு அட்டவணையில் பாதியை நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை.

முன்னே சொன்ன திண்ணை இளைஞனிடம் மீள்வோம். அவனுக்கு உற்றது கடுந்தசையிழுப்பு. மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து நாலைந்து நாட்களுக்குள், அல்லது அளவைக் கூட்டியவுடன், இது வரும். இளம் ஆடவரிடத்தே மிகுதி. கழுத்து, தாடை, நாக்கு, கண், முதுகு ஆகியவற்றுள் எதுவும் இழுக்கப்படலாம். அறிவு தெளிவாகவே இருக்கும் என்பதையும், வலி கடுமையானது என்பதையும் மறத்தலாகாது. பேச மாட்டாதவன் கேளாதவன் அல்லன். மருத்துவர் ஆணைப்படி ப்ரோமெதசின் போன்றதொரு ஊசியிட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தசை தளரும். குரல்வளைத் தசை இழுக்கப்பட்டு மூச்சுத் திணறுமாயின் அஃது உயிர்க்கு இடையூறு. ஒரு நொடியும் தாமதித்தல் கூடாது.

இதனினும் பெரும் ஏமாற்றுச் செய்வது இருப்புக்கொள்ளாமை. நோயாளி உட்காருவான், எழுவான், நடப்பான், மறுபடியும் உட்காருவான். நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி மிதிப்பான். இரவிலும் படுக்கை கொள்ளான். வார்டிலே இதைக் காண்பவர், 'நோயாளி மிகக் கிளர்ச்சியுற்றிருக்கிறான்' என்று குறிப்பெழுதுகின்றனர். குறிப்பைக் கண்ட மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகின்றார். கூட்டக் கூட்டத் துன்பம் பெருகுகின்றது. இங்கே பிழை செய்தவர் மருத்துவர் அல்லர். கேளாமல் எழுதிய கையே பிழை செய்தது. 'தம்பி, மனம் பதறுகிறதா, கால் உள்ளுக்குள்ளே துடிக்கிறதா?' என்று ஒரு வினா வினவியிருந்தால் போதும். 'கால்தான் அக்கா, நிற்க முடியவில்லை' என்று அவன் சொல்வானாயின், குறிப்பிலே எழுதவேண்டியது வேறாகிவிடும். அளவைக் குறைத்தலாலும், மருந்தை மாற்றுதலாலும், ப்ரோப்ரனோலால் போன்றவற்றாலும் இது தணியும். பொறுக்கலாற்றாத இவ்வேதனையால் தற்கொலை எண்ணம் எழுதலும் உண்டாதலின், இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்குதல் தகாது.

சில வாரங்களில் வருவது விறைப்பும் நடுக்கமும். முகத்தில் பாவம் அற்று, கைவீச்சு இன்றி, குறுகிய அடிவைத்து நடக்கும் நோயாளியை வீட்டார் 'சோம்பேறியாகிவிட்டான்' என்பர். வயதில் மூத்தோர்க்கு இதனால் கீழே விழுதல் நேரும். இதற்கென நம் நாட்டில் ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை தாராளமாக வழங்கப்படுகின்றது. ஒரு பக்க விளைவைத் தீர்க்கவந்த அம்மாத்திரைக்கே பக்க விளைவுகள் உண்டு: நாவறட்சி, பார்வை மங்கல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, முதியோர்க்கு மனக்குழப்பம். வியர்வையையும் அது குறைக்கும். வெயிலில் உழைப்பார்க்கு அது எத்தகைய தீங்கென்பதைப் பின்னர்க் காண்போம். திங்கள் பலவும் ஆண்டு பலவும் கடந்தபின், நாக்கு நெளிதலும் வாய் சப்புக்கொட்டுதலும் தோன்றுவது வேறு வகை. அதற்கு ட்ரைஹெக்ஸிபெனிடில் உதவாது. சிலர்க்கு மிகுவிக்கவும் செய்யும். வெற்றிலை மெல்லும் பழக்கமுள்ள பாட்டியின் வாயசைவை யாரும் பொருட்படுத்துவதில்லை. வாயைத் திறக்கச்சொல்லி நாக்கைப் பார்த்தாலன்றி அது வெளிப்படாது.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் இசையவில்லை. ஹாலோபெரிடால் நீர்மருந்து நிறமும் சுவையும் அற்றது. மருந்துண்ண மறுக்கும் மகனுக்குக் காப்பியிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கும் தாய்மார் நம் நாடெங்கும் உளர். அவர்களுடைய துயரம் பெரிது. ஏசுதற்கு நாம் யார்? எனினும், தனக்கு மருந்து கொடுக்கப்படுவதையே அறியாத ஒருவனுக்கு ஒரு நாள் திடீரெனக் கழுத்து முறுக்கிக்கொண்டால் அவன் என்ன எண்ணுவான்? 'எனக்கு நஞ்சிடுகிறார்கள்' என்று அவன் முன்னமே கொண்டிருந்த மருட்சி அன்று மெய்யாகிவிடுகின்றது. தாய் இட்ட சோற்றையும் பின்னர்த் தொட மாட்டான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் அறிவார்ந்த இசைவை வற்புறுத்துகின்றது என்பதும் உண்மை. இத்தகைய வீட்டைக் காணின் செவிலியர் அதனை மறையாமல் மருத்துவரிடம் கூறி, நோயாளியோடு வெளிப்படையாகப் பேசுதற்கு வழி தேடுதல் வேண்டும்.

காய்ச்சலோடு கூடிய விறைப்பைப் பற்றி ஒரு சொல். அரிதாயினும் உயிரைக் கொல்ல வல்லது அது. உடல் மரம்போல் விறைத்தல், உயர்ந்த சுரம், வியர்வை, நாடித்துடிப்பு மிகுதல், இரத்த அழுத்தம் ஏறியிறங்கல், மனத்தெளிவு கலங்கல் என்பன ஒருங்கே தோன்றும். அக்கினி நட்சத்திர நாட்களில் இதனை வெயில்தாக்கு என்று மயங்குதல் எளிது. வெயில்தாக்கில் தசை பெரும்பாலும் துவண்டிருக்கும்; இதிலோ ஈயக்குழாயை வளைப்பதுபோல் கை இறுகி நிற்கும். எதுவாயினும் அடுத்த வேளை மருந்தைக் கொடாது நிறுத்திவைத்து, உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

இனி லித்தியம். நம் பகுதிச் செவிலியர் ஏனை மருந்துகளினும் இதனை நுணுகி அறிதல் வேண்டும் என்பது எம் கருத்து. கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு இஃது ஒப்பற்ற மருந்து. 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளியிட்டார். அவர் சிகிச்சை செய்த முதல் நோயாளி, பல ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர், நலமடைந்து வீடு சென்றார். பின்னர் 1950இல் அதே மருந்தின் நஞ்சேற்றத்தால் இறந்தார். அதே 1949இல் அமெரிக்காவிலே, உப்பு நீக்கிய உணவுண்ணும் இருதய நோயாளிகளுக்குச் சமையலுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட, பலர் நஞ்சேறினர், சிலர் இறந்தனர். அந்நாட்டில் அது மனநோய் மருந்தாக இசைவு பெற்றது 1970இல்தான்.

உப்பு நீக்கிய உணவுண்டார்க்கே அத்தீங்கு ஏன் நேர்ந்தது? சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தின் உடன்பிறப்பாகவே கொள்ளும். உடலில் உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் உப்பைக் காத்துக்கொள்ள முயலும்போது லித்தியத்தையும் வெளிவிடாது தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் லிட்டர் ஒன்றுக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதே பொதுவாக விரும்பத்தக்க அளவு, 1.5ஐக் கடந்தால் நஞ்சின் குறிகள் தோன்றும். 2ஐக் கடந்தால் பேரபாயம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இத்துணைக் குறுகிய வரப்பு உடைய மருந்து சிலவே.

இந்தக் குறுகிய வரப்பின்மேல் நம் உழவர் ஒருவரை நடக்கவிட்டுப் பார்ப்போம். லித்தியம் உண்டு நான்காண்டுகள் நலமாயிருப்பவர் அவர் என்று கொள்க. ஆனித் திங்களில் குறுவை நடவு. காலை முதல் உச்சிவெயில் வரை சேற்றில் நின்று வியர்வை சொரிகின்றார். வியர்வையோடு உப்பும் போகின்றது. மாலையில் இடுப்புவலி, கடைத்தெரு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை நான்கு வாங்கிப் போட்டுக்கொள்கின்றார். அம்மாத்திரை, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுதலைக் குறைப்பது, ஐபுப்ரோஃபெனும் அங்ஙனமே. சென்ற வாரந்தான் வேறொரு மருத்துவர் இரத்த அழுத்தத்திற்கென நீரிறக்கும் மாத்திரை எழுதி, 'உப்பைக் குறையும்' என்றும் சொல்லியிருக்கின்றார். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கும் வந்து சேர்கின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிது. நான்கும் ஒன்று சேர்ந்தபோது லித்தியத்தின் அளவு கூட்டாமலே கூடிவிட்டது. நான்காம் நாள் கை பெரிதாக நடுங்குகின்றது, நாக்குக் குழறுகின்றது, வரப்பில் நடக்க மாட்டாது தள்ளாடி விழுகின்றார். ஊரார் சொல்வது என்ன? 'இத்தனை நாள் ஒழுங்காயிருந்தவர் குடிக்கத் தொடங்கிவிட்டார்.' போதை தெளியட்டும் என்று கட்டிலில் கிடத்திவிட்டு அவரவர் வேலைக்குச் செல்கின்றனர்.

அவ்வீட்டுக்கு அன்று ஒரு செவிலி செல்வாளாயின் அவள் செய்யவேண்டியவை இவை. வாயில் மது வாடை உண்டா என்று பார்க்கட்டும். இல்லையெனின், லித்தியத்தை அக்கணமே நிறுத்திவைத்து, தாமதமின்றி இரத்தத்தில் லித்தியத்தின் அளவு பார்க்கக்கூடிய மருத்துவமனைக்கு அனுப்பட்டும்; உடன் செல்வார் கையில், அவர் கடைசியாக மருந்துண்ட மணியையும், வேறு உண்ட மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொடுக்கட்டும். லித்தியம் உண்பார்க்கு விரல்நுனியில் மெல்லிய நடுக்கம் இருத்தல் இயல்பு. டம்ளரிலிருந்து தண்ணீர் தளும்பும் நடுக்கம் இயல்பன்று. வழக்கமான சோதனைக்கு இரத்தம் எடுப்பதாயின், கடைசி வேளை மருந்துண்டு 12 மணி நேரம் கழித்தே எடுத்தல் வேண்டும். காலை மருந்தை விழுங்கிவிட்டு நேரே சோதனைக்கு வருவோர் பலர். அந்த எண்ணை நம்பி அளவைக் குறைத்தால் நோய் திரும்பும். ஆறு திங்களுக்கு ஒருமுறை சிறுநீரகச் சோதனையும் தைராய்டுச் சோதனையும் உண்டு.

உழவர்க்குச் சொல்லவேண்டிய முறையோ எளிது. நம் நாட்டுப் பழக்கமே பாதி மருந்தாக உள்ளது. வயலுக்குப் போகுமுன் உப்பிட்ட நீராகாரம், இடையில் மோர், தாகம் எடுக்குமுன் தண்ணீர். உப்பைத் திடீரெனக் குறைத்தலும் ஆகாது, திடீரெனக் கூட்டுதலும் ஆகாது. முன்னதனால் லித்தியம் ஏறும், பின்னதனால் இறங்கும். வலி மாத்திரை வேண்டுமாயின் பாராசிட்டமால் கேட்டு வாங்குக. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அன்றே மருத்துவரைக் கேட்டறிக. குளோர்ப்ரோமசின் உண்பார்க்கு வெயிலில் தோல் வெந்து கருகும். நடவு செய்யும் பெண்டிர்க்கு முழுக்கைச் சட்டையும் முக்காடும் வேண்டும். ட்ரைஹெக்ஸிபெனிடிலும் கூடவே உண்பவராயின், வியர்வை குறைந்து உடற்சூடு ஏறும் என்பதை முன்னே குறிப்பிட்டோம்.

வெயில் மாத்திரமன்று, மழையும் இப்பாடத்தில் இடம்பெறுகின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாளை ஒட்டி, 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் அளவில் மழை பெய்தது. தெருவும் வயலும் ஒன்றாய்க் கிடந்த அத்தகைய நாட்களில், மாத்திரைப் பொட்டலம் நனைந்து கரைந்தாலும், மருந்தகத்திற்குப் போக வழியில்லாவிடினும், மருந்து சட்டென்று அறுபடுகின்றது. டயசிபம், லோரசிபம் முதலியவற்றை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். லித்தியம் நின்றால் கிளர்ச்சி நோய் விரைந்து திரும்பலாம். குளோசபினை 48 மணி நேரத்திற்குமேல் விட்டவர், பழைய அளவை ஒரேயடியாக மறுபடி விழுங்குதல் கூடாது. சிற்றளவிலிருந்து தொடங்கவேண்டும், இல்லையேல் இரத்த அழுத்தம் விழுந்து மயங்குவர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே இரண்டு வார மருந்தை நெகிழித்தாளில் சுற்றி இறுகக் கட்டி உயரே வைக்கச் சொல்லுதல் செவிலியர் வேலையே.

புதிய தலைமுறை மருந்துகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவேம். கழுத்திழுப்பு இவற்றில் குறைவு. ஆயின் கணக்கு வேறிடத்தில் ஏறுகின்றது. ஒலான்சபின் உண்பவர்க்குப் பசி அடங்காது. மெலிந்து எலும்பாய்க் கிடந்த பிள்ளை மூன்று தட்டுச் சோறு உண்பதைக் கண்டு தாய் மகிழ்கின்றாள். 'உடம்பு தேறிவிட்டது' என்று அண்டைவீட்டார் வாழ்த்துகின்றனர். அந்த வாழ்த்தே பக்க விளைவின் முகமூடி. மருந்து தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்து, மூன்று திங்களில் ஒப்பிடவேண்டும். நம்மவருக்கு ஆடவர் இடுப்பு 90, மகளிர் இடுப்பு 80 சென்டிமீட்டரைக் கடப்பது எச்சரிக்கை. தொடக்க நாளில் அளவெடாதவர்க்குப் பின்னர் ஒப்பிட ஒன்றுமில்லை.

ரிஸ்பெரிடோன் உண்ணும் மணமாகாத பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று மார்பில் பால் கசியுமாயின், அவ்வீட்டில் எழும் புயலை விவரிக்க வேண்டுமோ? தாய் மகளை ஐயுறுகின்றாள். மகள் வாய் திறவாது மருந்தை மாத்திரம் நிறுத்திவிடுகின்றாள். ஆண் மருத்துவரிடம் அவள் சொல்லமாட்டாள். பெண் செவிலி ஒருத்தி தனியே அழைத்து முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாலன்றி, அம்மருந்து நின்ற காரணம் ஏட்டில் ஏறாது. மணமான ஆடவரின் தாம்பத்தியக் குறைவும் இத்தகையதே. கேட்கக் கூசுவதால் பல மருந்துகள் கிணற்றடியில் கொட்டப்படுகின்றன. வால்ப்ரோயேட் உண்ணும் இளம்பெண்டிரிடமோ, கருவுறுமுன்னரே மருத்துவரைக் காணுமாறு சொல்லுதல் இன்றியமையாதது. அது கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கிழைக்கும்.

குளோசபின் பிற மருந்துகளுக்கு அசையாத நோயையும் அசைப்பது. 1975இல் பின்லாந்தில் அதனை உண்ட எண்மர், வெள்ளணு அற்றுப்போய்த் தொற்றுநோயால் இறந்தனர். பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்து, 1988இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின் பின்னரே, இரத்தச் சோதனை என்னும் காவலோடு அது திரும்பிவந்தது. முதல் 18 வாரம் வாரந்தோறும் சோதனை. பின்னர் இடைவெளி நீளும். தொண்டைப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அதைச் சளி என்று விடாது அன்றே இரத்தம் பார்க்கவேண்டும். மலச்சிக்கலும் இதில் உயிர்க்கொலை செய்யவல்லது, 'வெளிக்குப் போயிற்றா?' என்று நாடோறும் கேட்டல் நாணத்தக்கதன்று. பீடியைப் பற்றியும் ஒன்றுண்டு. புகை, ஈரலில் இம்மருந்தைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுவது. நாளொன்றுக்குக் கட்டுக்கட்டாய்ப் பீடி குடித்தவர், புகைக்கு இடமில்லாத வார்டில் சேர்ந்து திடீரென நிறுத்தினால், அதே மாத்திரை இருமடங்கு மாத்திரைபோல் வேலைசெய்யத் தொடங்கும். வார்டுக்கு வந்த நாளில் அவர் சட்டைப்பையைச் சோதித்தவர் யாரோ அவரே இதனை மருத்துவருக்குச் சொல்லவேண்டியவர்.

மனச்சோர்வு மருந்துகளில், 1957இல் சுவிஸ் மருத்துவர் ரோலண்டு கூன் வெளிப்படுத்திய இமிப்ரமின் வகை மிகையாக உண்டால் இருதயத்தை நிறுத்தும். ஆதலின் ஒரு வாரத்திற்கு மேற்பட்ட மாத்திரையை ஒருங்கே கையில் கொடாமல் எண்ணிக் கொடுப்பர். ஃப்ளூவாக்ஸெடின் வகை அத்துணை நஞ்சன்று. எதுவாயினும் முதற்சில வாரங்களில் மனம் தெளியுமுன்னே உடலில் சுறுசுறுப்புத் திரும்புதல் உண்டு; இளையோரிடத்தில் பதற்றமும் உண்டாகலாம். அந்நாட்களில் தனியே விடாதிருத்தலும், வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லியைப் பூட்டிவைத்தலும் வேண்டும்.

பக்க விளைவை முன்கூட்டிச் சொன்னால் நோயாளி அஞ்சி மருந்தையே தொடமாட்டான் என்று வாதிப்பார் உளர். சொல்லாமல் விட்டு, விளைவு வந்த அன்றே அவன் மருந்தை எறிந்ததை நாம் காண்கின்றோமே, அதற்கு அவர்கள் விடை என்ன? சொல்லும் முறையில் உள்ளது சூட்சுமம். 'தம்பி, முதல் நாலைந்து நாளில் கழுத்தோ நாக்கோ இழுத்தால் பயப்படவேண்டாம், மருந்தால்தான் அப்படி, உடனே என்னிடம் வா, ஊசி போட்டால் சரியாகும்' என்று தாயும் கேட்கச் சொல்லுதல் வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்கவேண்டும் என்பதை முதலிலிருந்தே முறையாகக் கொண்டது. அங்ஙனம் தங்கிய தாயோ மனைவியோ, நடுக்கம் எது, நோய் எது என்பதைக் கண்ணாரக் கண்டு ஊர் திரும்புகின்றார். ஊரிலே அவரே செவிலி.

அவ்வறிவு எட்டாத இடத்தில் நேர்ந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கூரை தீப்பற்றியதில் மாண்டனர். பின்னாளில் அதே ஏர்வாடியில், பிரார்த்தனைக்கு வருவோர்க்கு மருந்தும் உடன் கிடைக்கும்படி அரசினர் வகைசெய்தனர். சீர்காழிக்கு அண்மையிலுள்ள வைத்தீசுவரன்கோயிலில், இறைவனையே மருத்துவனாக வணங்கிச் சாந்துருண்டை பெற்றுச் செல்வாரை நாம் நாடோறும் காண்கின்றோம். அவர்தம் பக்தியோடு மல்லாடுதல் செவிலியர்க்கு வேண்டா. கோயிலுக்குச் சென்று வருக, மாத்திரையையும் விடாதிருக்க என்று சொல்பவள் சொல்லையே அவர்கள் கேட்பர்.

திண்ணையிலிருந்த இளைஞனுக்கு ஊசியிட்டு, கழுத்து நேராகிவிட்டது என்று கொள்வோம். செவிலியின் வேலை இன்னும் முடியவில்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், தொடங்கி எத்தனையாம் நாள், எந்த மணிக்கு இழுத்தது, எந்த ஊசியால் எத்தனை நிமிடத்தில் தளர்ந்தது என்பவற்றை நோயாளியின் கைப்புத்தகத்தின் முதற்பக்கத்திலே சிவப்பு மையால் எழுதுதல் வேண்டும். ஊசியின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துபோம். இழுப்பு மறுபடி வரலாமாதலின், அன்றிரவு அவன் வீட்டில் யார் விழித்திருப்பது என்பதையும் கேட்டறிந்து, மருத்துவமனையின் எண்ணை அவர் கையிலே எழுதிக்கொடுத்துவிட்டே எழுந்திருக்கவேண்டும்.